தூக்குப் பாலத்தைப் பிரிப்பதற்கு முன்: ராமேஸ்வரத்தின் சுற்றுலாவைத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும், ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் மானாமதுரைக்காரன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. 1961 மே மாதம் ராமேஸ்வரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா பக்கத்தில் நிற்கிறாள். நடுவில் டவுசர் போட்ட என் அப்பா, கையில் ஒரு சங்கை இறுக்கிப் பிடித்தபடி. அவர்களுக்குப் பின்னால் திரைச்சீலையில் வரைந்த கடல், அதில் புகை விட்டுக்கொண்டு போகும் ஒரு கப்பல்.

அந்தப் பயணத்தைப் பற்றி அப்பத்தா சொல்லாத நாளே கிடையாது என்று சொல்லலாம். தாத்தாவின் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரை மறுபடியும் கப்பல் ஏற்றிவிடக் குடும்பமே கிளம்பிப் போயிருக்கிறது. வழியனுப்பப் போனவர்கள் சும்மா திரும்புவார்களா? அப்படியே ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, சத்திரத்தில் மூன்று நாள் தங்கி, குதிரை வண்டியில் ராமர் பாதம் போய், போட்டோ எடுத்து, ஓலைப்பெட்டியும் சங்கும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்பத்தா தன் வாழ்நாளில் சுற்றுலா என்று போனது அது ஒன்றுதான். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவும் மாட்டாள். "தனுஷ்கோடிக்குப் போனப்போ" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இந்த மடலை நான் எழுதக் காரணம், ராமேஸ்வரம் தீவை நிலத்தோடு இணைத்த பழைய பாம்பன் ரயில் பாலம். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட பிறகு, பழையது இனி எதற்கு, பிரித்து எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்ததிலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாலத்தைப் பற்றி மட்டும் பேசினால் இரும்பைப் பற்றிய பேச்சாகப் போய்விடும். இந்தத் தீவுக்கு மக்கள் எப்படி வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்பதோடு சேர்த்துத்தான் அதைப் பேச வேண்டும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் அந்தப் பாலத்தின் கதை. உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். 1911-ல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24-ல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம். தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட 145 கண்கள், நடுவில் கப்பல் போக வழிவிடும் தூக்குப் பாலம். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறையில் செய்த அந்தத் தூக்குப் பாலத்தின் இரண்டு கைகளும் உருண்டு பின்னால் சாய்ந்து மேலே எழும். மின்சார மோட்டார் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித்தான் திறப்பார்கள். நூறாண்டுக்கும் மேல் அந்தக் கைகளை மனிதக் கைகளே தூக்கின. பாம்பன் பக்கம் போய்க் கேட்டால், "எங்கப்பா தூக்குப் பாலத்துல வேலை பார்த்தார்" என்று பெருமையாகச் சொல்கிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் முக்கியம். கொழும்புக்குப் போகும் வழிக்காகத்தான் அது முதலில் கட்டப்பட்டது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறினால் பாம்பன் தாண்டி நேரே தனுஷ்கோடி. அங்கே ரயில் கப்பல்துறை வரைக்கும் போய் நிற்கும். இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, கப்பலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து இன்னொரு ரயில் கொழும்புக்கு. ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். இர்வின், கோஷன் என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் ஓடின. அப்பத்தா "இருவின் கப்பல்" என்பாள். சின்னத் தாத்தா மேல்தட்டில் நின்று துண்டை வீசிக் காட்டியதையும், கப்பல் கண்ணுக்கு மறைகிற வரை இவர்கள் கரையிலேயே நின்றதையும் சொல்லும்போது அவளுடைய குரலே மாறிவிடும்.

பாம்பன் அப்போது ஒரு சந்திப்பு. ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கு, ஒரு தடம் தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியில் தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாதா கோயில், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்தன. கப்பலுக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுமாக அந்த மணல்மேடு எப்போதும் ஜேஜே என்றிருக்குமாம். ஒரு பக்கம் அலையே இல்லாத பெண் கடல், இன்னொரு பக்கம் சீறிக்கொண்டு வரும் ஆண் கடல். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு காலை இதிலும் ஒரு காலை அதிலும் நனைக்க முடியாதா என்று என் அப்பா அழுததாக ஒரு கதை எங்கள் வீட்டில் உண்டு.

அப்புறம் 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல். அதை விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ம் எண் பாசஞ்சர் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கடலுக்குள் போனார்கள். ஊரே போனது. பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் கர்டர்களை, அதாவது இரும்பு உத்தரங்களை, அலை பிடுங்கிப் போட்டது. தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ஆறு மாதம் ஆகும், மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லப்பட்ட பழுதுபார்ப்பு வேலையை, அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடியும் பொருத்தினார்கள். ரயில் ராமேஸ்வரம் வரைக்கும் திரும்பியது. தனுஷ்கோடித் தடம் திரும்பவே இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

செய்தி வந்த அன்று அப்பத்தா புகைப்படத்தின் முன்னால் உட்கார்ந்து, "நாம நின்ன இடமெல்லாம் கடலாப் போச்சே" என்று அழுததை அப்பா சொல்லியிருக்கிறார்.

இனி என் நினைவு. 1978-ல் எனக்கு எட்டு வயது. ஆடி அமாவாசைக்கு அப்பத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மீட்டர் கேஜ் ரயில். மானாமதுரையில் ஏறியதிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பாலத்துக்கு முந்தைய ஊரான மண்டபம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். ரயில் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. பெட்டியில் இருந்த எல்லோருமே பேச்சை நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் தரை இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லை. கடல் மட்டும்தான், பச்சையும் நீலமுமாக, ரொம்பப் பக்கத்தில். காற்று பெட்டிக்குள் புகுந்து எல்லார் சேலையையும் துண்டையும் பிடித்து இழுத்தது. பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக் கடலில் போட்டுக் கும்பிட்டார்கள். அப்பத்தா என் கையிலும் ஒரு பத்துப் பைசாவை வைத்தாள். நான் போடவில்லை. விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்குப் பாலத்தின் மேல் ஏறியதும் சத்தம் மாறும். அதுவரைக்கும் ஒரே தாளத்தில் வந்த சக்கரச் சத்தம் சட்டென்று கனத்து, தலைக்கு மேலேயும் பக்கத்திலும் இரும்பு வந்து சூழ்ந்துகொள்ளும். சில நொடிதான். அப்புறம் மறுபடியும் திறந்த கடல். பாம்பன் வரும்போது கருவாட்டு வாசம் முதலில் வரும், ஊர் அப்புறம்தான் வரும். பெட்டியே மூச்சு விட்டதுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் கடலையே முதன்முதலாகப் பார்க்கிறவர்கள்.

கோயிலில் கிணறு கிணறாகப் போய் 22 தீர்த்தமும் தலையில் ஊற்றிக்கொண்டதும், மூன்றாம் பிராகாரத்தில் தூண்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் நான் பசங்களிடம் சொன்னது பாலத்தைப் பற்றித்தான். அப்பத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. என் மகள் சின்னவளாக இருந்தபோது போனோம், அவளுக்கும் அப்படித்தான். தீவுக்குள் போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் மூன்று தலைமுறைக்கும் மனதில் தங்கியிருக்கிறது.

அந்த நிதானத்தைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம் திறந்தது. அது வந்ததால் தீவு மக்களுக்கு எவ்வளவு நன்மை என்பதை நான் மறுக்கவில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்காகக் காத்திருந்த காலம் போனது, அது ஒன்றே போதும். 2007-ல் அகலப் பாதை வந்தது, நல்லது. 2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்கள் மணலிலும் தண்ணீரிலும் தத்தித் தத்திப் போகும். இப்போது காரில் நேராகப் போய் இறங்கலாம். புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. நம் நாட்டில் கடல் மேல் இப்படி ஒன்று இதுதான் முதல். 75 கி.மீ. வேகம் வரை போக அனுமதி. அதைக் கட்டிய பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் மனதாரப் பாராட்டுகிறேன். இவ்வளவு உப்புக்காற்று அடிக்கிற, இரும்பைத் தின்கிற ஓர் இடத்தில் இப்படி ஒன்றை எழுப்புவது சாதாரண வேலையில்லை.

ஆனால் இவை எல்லாம் சேர்ந்து என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் பயணம் அரை நாளாகச் சுருங்கிவிட்டது. போன வருஷம் நானும் மகளும் ஒரு வேன் பயணத்தில் சேர்ந்து போனோம். விடியற்காலையில் தீர்த்தம், தரிசனம், பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, சாப்பாடு, திரும்பல். தனுஷ்கோடியில் எங்களுக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். இடிந்த மாதா கோயில் சுவரின் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். மகள் என்னிடம், "அப்பா, அந்தக் கப்பல் எங்க நின்னுச்சு? அப்பத்தா எந்தப் பக்கம் நின்னு கையாட்டினாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தேன், எங்கள் கண்ணில் பட்ட எதுவும் அதைச் சொல்லவில்லை. வேன் ஹார்ன் அடித்தது. ஏறிவிட்டோம்.

இருபது நிமிடம் நிற்கிறவர்கள் ஊருக்குத் தருவது என்ன? பார்க்கிங் கட்டணமும் தண்ணீர் பாட்டிலும். ராத்திரி தங்கினால்தானே சத்திரத்துக்கும் விடுதிக்கும் வருமானம்? மறுநாள் காலையில் நடந்தால்தானே ஓலைப்பெட்டி முடைகிறவர்களுக்கும், மீன் வறுத்து விற்கிற அக்காவுக்கும், ஆட்டோக்காரருக்கும் வேலை? தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினால் கடலுக்குப் பக்கத்திலேயே குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. அங்கே இன்னமும் குடிசை போட்டு இருக்கிற மீனவக் குடும்பங்கள் அந்த ஊற்றைத்தான் நம்பி இருந்தார்கள். மழைக்காலம் முடியும்போது தேங்கிய நீரில் பூநாரைகள் வந்து நிற்கும். இதையெல்லாம் காண இருபது நிமிடம் போதாது. குறைந்தது ஒரு சாயங்காலமும் ஒரு விடியற்காலையும் வேண்டும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம்.

முதலாவது தூக்குப் பாலம். முழுப் பாலத்தையும் அப்படியே வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலம் இருந்தால் ஒவ்வொரு கப்பலும் இரண்டையும் தாண்ட வேண்டும். பழைய கர்டர்கள் துருப்பிடித்து விழுந்தால் புதியதற்கே ஆபத்து. 2013 ஜனவரியில் கட்டவிழ்ந்த ஒரு கப்பல் வந்து பழைய பாலத்தின் மேல் மோதியதை மறக்க முடியாது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு கருதி அதில் ரயிலை நிறுத்தியதும் சரியான முடிவுதான். உயிரை விட நினைவு பெரிதில்லை. ஆனால் அந்தத் தூக்குப் பாலத்தை, அதன் இரண்டு கைகளோடும், பற்சக்கரங்களோடும், ஆட்கள் நின்று சுற்றிய அந்த மேடைகளோடும் முழுசாகக் காப்பாற்றுங்கள். இருந்த இடத்திலேயே, கைகளை உயர்த்தியபடி நிறுத்திவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியவே முடியாது என்றால் பாம்பன் கரையில், அந்தக் கால்வாயைப் பார்த்தபடி நிறுத்துங்கள். வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கு லாரியில் ஏற்றிவிடாதீர்கள். அது பாம்பன் காற்றில் நிற்க வேண்டிய பொருள். ஒரு துண்டை வெட்டிப் பூங்காவில் வைத்துப் பலகை மாட்டுவதும் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் கை அசைய வேண்டும், குறைந்தபட்சம் அரையடியாவது. ஒரு பிள்ளை அந்தக் கைப்பிடியைப் பிடித்து நான்கு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், நூறு வருடம் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று அதற்குப் புரிந்துவிடும். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தக் காற்றில் திறக்க மாட்டார்கள், கப்பல்காரர்கள் எப்படிச் சைகை கொடுப்பார்கள், எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் மனதில்தான் இருக்கிறது. காகிதத்தில் இருக்குமா என்பது சந்தேகம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 1900-ல் திறந்த பழைய பாலத்தில் 1997-ல் ரயில் நின்றது. அதன் பிறகும் அது ஆற்றின் நடுவே நிற்கத்தான் செய்கிறது. நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனாலும் பற்சக்கரத்தில் மெல்ல ஏறுகிற அந்த ரயிலுக்குத்தான் மக்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஊட்டிக்குப் போவதே ஊட்டியைப் பார்ப்பதில் பாதி என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் அதுதான் உண்மை.

அதனால் இன்னொரு வேண்டுகோள், இதற்குச் செலவே கிடையாது. புதிய பாலத்தில் எல்லா ரயிலும் வேகமாகத்தான் போக வேண்டுமா? பகல் நேரத்தில் ஓடும் ஒரே ஒரு பாசஞ்சர் ரயிலையாவது பழைய வேகத்தில் பாலத்தைக் கடக்க விடுங்கள். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்றாலும் கேட்காமல் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரயில் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போலீஸ்காரர் விரட்டிக்கொண்டே இருப்பார், கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது ரயில் கடல் மேல் போவதைக் காண ஓர் இடம். மண்டபம் கரையிலோ பாம்பன் கரையிலோ நிழலோடு ஒரு மேடையும், ரயில் நேரத்தை எழுதிய ஒரு பலகையும் வைத்தால் விபத்தும் குறையும், பாம்பன் கடைக்காரர்களுக்கு வியாபாரமும் வரும்.

தனுஷ்கோடியைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை அழகுபடுத்தாதீர்கள். தயவுசெய்து கலர் விளக்கு, எழுத்து வடிவ சிமெண்ட் சிற்பம், செல்ஃபி முனை என்று எதுவும் வேண்டாம். அது பலர் இறந்த இடம். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கல்லாக விழுந்துகொண்டிருக்கிற மாதா கோயில் சுவரையும், தண்ணீர்த் தொட்டியையும், ரயில் நிலையத்தில் மிச்சமிருக்கிறதையும் விழாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், அது போதும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்களை சிமெண்ட் பூசி மூடினால் அதுவே அவற்றுக்குக் கேடு. அந்தக் கட்டுமானம் தெரிந்த தொல்லியல் துறைக்காரர்களின் யோசனையைக் கேளுங்கள். அப்புறம், ரயில் நிலையம் இங்கே, சுங்க அலுவலகம் இங்கே, கப்பல்துறை இந்தத் திசையில் என்று தரையில் கல் பதித்துக் காட்டுங்கள். பழைய வரைபடங்கள் ரயில்வேயிடம் கட்டாயம் இருக்கும். என் மகள் கேட்ட கேள்விக்கு அந்தக் கல் பதில் சொல்லும்.

அங்கே இறந்தவர்களின் பெயர்கள் எத்தனை கிடைக்கின்றனவோ அத்தனையையும் ஓரிடத்தில் எழுதுங்கள். 653-ம் எண் ரயிலில் போனவர்கள், ஊரில் இருந்தவர்கள், ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களின் பெயர் கிடைக்காமல் போகலாம். அவர்களுக்காக ஒரு வெற்று வரி விடுங்கள்.

பழைய சுற்றுலாவில் எல்லாமே திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் அப்பா பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தச் சங்கு இன்னமும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்த்து ஒரு பவளப்பூவும் வாங்கி வந்திருக்கிறார்கள், வெள்ளையாக, மரம்போலக் கிளைவிட்டு. அன்றைக்கு அது கடல் தந்த அழகுப் பொருள். பவளம் உயிருள்ளது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்கும்போது மனது என்னவோ செய்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாகிவிட்டன. அந்தக் கடலைச் சுரண்டாமல் கையில் எடுத்துப் போக ஒரு பொருள் வேண்டுமென்றால், பனை ஓலை இருக்கிறது. ராமநாதபுரத்தில் பனைக்குப் பஞ்சமா? அப்பத்தா வாங்கி வந்த ஓலைப்பெட்டியில் அவள் கடைசி வரைக்கும் வெற்றிலை வைத்திருந்தாள். அந்த மாதிரிப் பெட்டி முடையத் தெரிந்த பெண்களுக்குக் கோயில் வீதியிலும் பாம்பன் ரயில் நிலையத்திலும் வாடகையில்லாமல் நாலு கடை ஒதுக்கினால், அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தீவுக்குள்ளேயே ஒரு பயண அருங்காட்சியகம். கோயிலைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியதற்குக் குந்துகாலில் நினைவிடம் இருக்கிறது. சாதாரண மக்கள் வந்து இறங்கியதற்கு ஒன்றுமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் மண்டபம் முகாமில் அடைத்து வைக்கப்பட்டவர்கள், கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுப் பெட்டி நிறையச் சோப்பும் சேலையும் கொண்டு வந்தவர்கள், காசியிலிருந்து கங்கை நீரைச் சொம்பில் அடைத்துக்கொண்டு வந்த வடநாட்டு யாத்ரீகர்கள், புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே தலைமன்னாருக்குப் போன ராமானுஜம் கப்பலில் ஏறியவர்கள். அவர்கள் எல்லோரும் விட்டுப் போனது டிக்கெட், கடிதம், ஸ்டூடியோ படம், சத்திரத்து ரசீது. அதெல்லாம் இன்று தென்மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில், டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கிறது. இலங்கையிலும் கிடக்கும். நாங்கள் போய்விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது, பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

பெரிய கட்டிடம் எதுவும் தேவையில்லை. பாம்பன் ரயில் நிலையத்தில் ஓர் அறை போதும். படத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். யார், எந்த வருடம், எதற்காக வந்தார்கள் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கலாம். வெளியே வந்தால் கைகளை உயர்த்தி நிற்கிற தூக்குப் பாலம். அதைத் தாண்டிப் போகிற புதிய ரயில். அந்த அறையிலிருந்து கிளம்பி தனுஷ்கோடிக்குப் போகிறவர் அங்கே இருபது நிமிடத்தில் வேன் ஏற மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பத்தா போய்ப் பல வருடமாகிவிட்டது. அந்தப் படத்தில் ஓரங்கள் செல்லரிக்கத் தொடங்கியிருக்கின்றன. சின்னத் தாத்தாவின் கொழும்பு டிக்கெட்டில் பாதியும், 1978-ல் நான் கடலில் போடாமல் வைத்துக்கொண்ட பத்துப் பைசாவும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில், யாரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த ரயிலிலேயே வருகிறேன்.

அன்புடன்,
மானாமதுரையிலிருந்து ஒரு பயணி